சூடேறி அணையும் மடிக்கணினி

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதென்று சிலருக்குத் தோன்றக்கூடும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மடிக்கணினி கொதித்துத் தானாக அணைந்து போகிறதே, அதற்கு என்ன செய்வது என்பதே அப்பொருள். இதையும் ஒரு மேடையில் பேச வேண்டுமா என்று கேட்பாருமுண்டு. பேசத்தான் வேண்டும் என்பது எமது துணிபு.

காரணத்தைக் கேளுங்கள். 2024-ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி, தோட்டத் தொழிலாளியின் ஆகக்குறைந்த நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் என்று வகுத்தது. ஒரு மடிக்கணினியின் விலையை அந்தத் தொகையால் பிரித்துப் பாருங்கள். ஒரு தாய் எத்தனை நாள் பனியிலும் மழையிலும் படங்கைக் கட்டிக்கொண்டு கூடை சுமந்தால் அந்தப் பெட்டி வீடு வந்து சேரும் என்பது விளங்கும். சீட்டுப் பிடித்தும், நகையை அடகு வைத்தும், கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் அனுப்பிய பணத்தைச் சேர்த்தும் வாங்கிய பொருள் அது. வீட்டுக்கு ஒன்றுதான், இரண்டாவது கிடையாது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்பு முழுவதும் இத்தகைய கருவிகளுக்குள் புகுந்துகொண்டது. அன்று கைத்தொலைபேசியை ஏந்தியவண்ணம் 'சிக்னல்' தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகளில் பலர் இன்று பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். விண்ணப்பம், ஒப்படை, பாடக்குறிப்பு எல்லாம் இன்று கணினியிலேயே நடைபெறுகின்றன. ஆதலால் அந்த ஒரு கருவி நடுவில் அணைந்து போவது அந்த வீட்டுக்குச் சிறிய காரியமன்று.

மின்சாரத்துக்கும் நமக்கும் உள்ள உறவே விசித்திரமானது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள், இம்மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். லக்ஷபான நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிரிட்ஜில் அவருடைய பெயரைத் தாங்கிய நிலையம் 1965-இல் எழுந்தது. நம் கண்முன்னே பிறந்த மின்சாரம் கம்பி வழியே கொழும்புக்குப் போய் விளக்கெரித்தது. பக்கத்திலிருந்த பல லயங்களிலோ நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. பிந்தி வந்தது நம் பிழையன்று. வந்ததைப் பேணத் தெரிந்துகொள்வது நம் கடமை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கணினிக்குள் போகும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். பாரமான வேலை செய்யும்போது சாதாரண மடிக்கணினி ஒன்று 30 முதல் 60 வாட் வரை மின்சாரம் கொள்ளும். பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்தச் சூடு எவ்வளவென்று தெரியும். அந்தச் சூட்டில் பெரும்பங்கு, கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு சில்லில் பிறக்கிறது. அதைச் 'செயலி' என்கிறோம். செயலியின் மேல் ஒரு செப்புத் தகடு அமர்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு செப்புக்குழாய் ஓரத்துக்குப் போகும். குழாய்க்குள்ளே மிகச் சிறிதளவு திரவம் உண்டு. அது சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மறுபடி திரவமாகி, இடைவிடாமல் வெப்பத்தைச் சுமந்து செல்லும். இந்த வகைக் குழாயை 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் செய்து காட்டினார். குழாயின் மறுமுனையில் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் நெருங்கி நிற்கும். ஒரு சின்ன விசிறி அத்தகடுகளுக்கிடையே காற்றை ஊதி வெப்பத்தை வெளியே தள்ளும்.

இதை விளங்கிக்கொள்ள மேல்நாட்டு உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். பறித்த கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டியில், விசிறி அடியிலிருந்து காற்றை மேலே தள்ளுகிறது. கொழுந்தை அளவாகப் பரப்பினால் காற்று ஊடுருவும், ஈரம் நீங்கும். ஓரிடத்தில் அமுக்கிக் குவித்துவிட்டாலோ, விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்றுப் புகாது. அடியில் கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். அப்போது விசிறியைக் குற்றஞ் சொல்லிப் பயனென்ன? காற்றுக்கு வழி விடாததே குற்றம். மடிக்கணினியின் கதையும் பெரும்பாலும் இதுவே. "காற்றுக்கு வழி விடு" என்ற மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் எமது பிரசங்கத்தில் பாதி உங்களுடையதாகிவிடும்.

கருவி தானாக அணைவது அதன் மரணமன்று. அது தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. பல செயலிகளுக்கு எல்லை 100 பாகை செல்சியஸ் அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 94 பாகையில். ஆகவே நம் கேத்தலில் கொதிக்கும் நீரைவிடச் சூடான நிலைக்கு அந்தச் சில்லு போய்விடுகிறது. முதலில் விசிறி இரைகிறது. பிறகு செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எழுத்துகள் தாமதித்து விழுகின்றன. அதற்கும் சூடு தணியாவிட்டால் ஒரு நொடியில் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்கிறது. காய்ச்சல் கண்டவன் வேலையை விட்டுப் படுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்தவனை எழுப்பி மறுபடி மலைக்கு அனுப்புவது எவ்வளவு கொடுமையோ, அணைந்த கணினியை உடனே மறுபடி மறுபடி இயக்குவதும் அவ்வளவு கொடுமை.

அணைந்தது சூட்டினால்தானா என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். சற்று நேரம் பாரமான வேலை செய்தபின், அடிப்பக்கம் கொதிக்க, விசிறி இரைந்து, பின்னர் அணைந்து, ஆறியதும் மறுபடி சரியாக இயங்கினால் அது சூட்டின் வேலை. கருவி கொதிக்கிறது, ஆனால் விசிறியின் ஓசையே கேட்கவில்லை என்றால் விசிறி பழுதாகியிருக்கலாம். சூடே இல்லாமல், சார்ஜர் வயரைக் கழற்றியவுடன் அணைந்தால் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும். வயரை அசைத்தால் அணைகிறது என்றால் சார்ஜரையோ அதைச் செருகும் இடத்தையோ பார்க்க வேண்டும். தோட்டத்து மின்சாரம் ஏறி இறங்குவதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அநேக மடிக்கணினிச் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. அந்த அளவு சார்ஜரின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஆகவே மின்சாரம் சற்றுத் தாழ்வதனால் மட்டும் நல்ல பற்றரியுள்ள கருவி அணையாது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. "நம் ஊரே குளிர்ப்பெட்டி போலிருக்கிறதே, இங்குமா கணினி கொதிக்கும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். கொழும்பில் காற்று 30 பாகை, செயலி 95 பாகை என்றால் இடைவெளி 65. நுவரெலியாவில் காற்று 16 பாகை என்றால் இடைவெளி 79. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நமக்கு இலாபம். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது. குளிர்ந்த காற்றுக் கனமானது என்பதைக் கணக்கில் சேர்த்தும், அது கொழும்புக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு இலேசாகவே இருக்கும். அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் தள்ளப்படும் காற்றின் எடை குறைவு. அது சுமக்கும் வெப்பமும் குறைவு. குளிர் ஒரு கையால் கொடுத்ததை உயரம் மறு கையால் ஏறக்குறைய எடுத்துக்கொள்கிறது. அட்டன், தலவாக்கலைப் பக்கத்திலும் இதே நியாயந்தான். உயரத்துக்கேற்ப அளவு மட்டும் மாறும். ஆகவே குளிரை நம்பி அலட்சியமாயிருக்க இடமில்லை.

அத்துடன், அந்தக் குளிரே நம்மைக் கணினியின் பகைவராக்கி விடுகிறது. இரவில் கம்பளிக்குள் முடங்கிக்கொண்டு, கணினியையும் அக்கம்பளியின்மேல் வைத்துப் படிக்கிறோம். காற்றை உள்ளிழுக்கும் துவாரங்கள் அநேகமாகக் கருவியின் அடிப்பக்கத்திலேயே உள்ளன. கம்பளி அவற்றை முற்றாக மூடிவிடுகிறது. கம்பளியின் நூல்துகள் உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த அறையில் மிலாறு விறகு எரிகிறது. பழைய லயக் காம்பராக்களில் குசினிப் புகைக்குத் தனிவழி எங்கே இருக்கிறது? அந்தப் புகையில் எண்ணெய்ப் பசையுண்டு. சாம்பிராணிப் புகையும் சேர்கிறது. நூல்துகளும் தூசியும் புகைப்பசையும் ஒன்று கூடி, முன்சொன்ன சீப்புத் தகடுகளின் வாயில் ஒரு கம்பளித் துண்டுபோலப் படிந்துவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கருவி புத்தம் புதிதாகவே இருக்கும்.

நாம் அறிந்த ஒரு மாணவியின் கணினி இப்படி அரைமணிக்கொருமுறை அணைந்தது. நகரத்துக் கடையொன்றில் "மதர்போர்ட் எரிந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டார்கள். அவளுடைய தகப்பனார் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தார். பக்கத்து லயத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பையனொருவன் பின்மூடியைத் திறந்து பார்த்தான். தகடுகளின் வாயில் படிந்திருந்த படலத்தைப் பிரஷினால் எடுத்துவிட்டு மூடினான். செலவு ஒன்றுமில்லை. கணினி ஓடியது, கடனும் வாங்க வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கணினிக்கும் இப்படியே முடியும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் செலவில்லாத வழிகளைப் பார்த்து முடிக்குமுன் செலவுள்ள வழிக்குப் போகலாகாது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

அந்த வழிகளை வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, அணைந்த கருவியை மின்சாரத்திலிருந்து கழற்றி, அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். விரைவில் ஆறட்டுமென்று குளிர்ப்பெட்டிக்குள் வைப்பதும், இஸ்தோப்பில் மூடுபனியில் கொண்டுபோய் வைப்பதும் கூடாது. குளிர்ந்து போன கருவி மறுபடி சூடான அறைக்கு வரும்போது அதன்மேலும் உள்ளேயும் நீர் அரும்பும். சூட்டினால் சாகாதது ஈரத்தினால் செத்துவிடும்.

இரண்டாவது, கட்டில், தலையணை, மடி எதுவும் கணினிக்கு உகந்த இடமல்ல. பெயர் மடிக்கணினியாயினும் அதன் இடம் மேசையே. மேசை இல்லாத வீட்டில் வழுவழுப்பான பலகைத்துண்டு ஒன்று போதும். பின்புறத்து இரு மூலைகளுக்கும் போத்தல் மூடி இரண்டை முட்டுக் கொடுத்தால் அடியில் காற்றோட்டம் பெருகும்.

மூன்றாவது, கணினியின் வேலைச் சுமையைக் குறைக்க வேண்டும். இணைய உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் படிப்பவர் பலர். வேண்டாதவற்றை மூடுங்கள். விண்டோஸ் கணினியில் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால் எந்த வேலை செயலியை அதிகம் இழுக்கிறது என்று தெரியும். மின்சார ஏற்பாட்டுப் பகுதியில் செயலியின் உச்ச அளவை 100 என்பதிலிருந்து 99 ஆகக் குறைத்தால், அநேக கருவிகளில் செயலி அளவுக்கு மிஞ்சிப் பாய்வது நின்றுவிடும். வேகம் சற்றுக் குறையும். சூடு நன்றாகக் குறையும். கட்டுரை எழுதவும் பாடம் கேட்கவும் அந்த வேகம் தாராளமாகப் போதும். வெறுமையான பற்றரியை நிரப்புவதும் சூட்டை உண்டாக்கும் வேலையே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் வந்தவுடன் சார்ஜரையும் செருகிப் பாரமான வேலையையும் தொடங்கினால் கருவிக்கு இருமடங்கு சுமை. இயன்றால் பற்றரி பாதியளவாவது நிறைந்தபின் பாரமான வேலையைத் தொடங்குவது நல்லது.

நான்காவது, தூசி எடுத்தல். கருவியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, காற்று வெளியேறும் வாயில் சிறு சிறு ஊதல்களாகக் காற்றடிக்கலாம். அப்போது விசிறி கண்டபடி சுழன்று கெடாமல் மெல்லிய குச்சியால் தடுத்துப் பிடிக்க வேண்டும். வாயால் ஊதலாகாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். மூடியைத் திறப்பதானால் ஸ்க்ரூக்களை ஒரு காகிதத்தில் அவற்றின் இடப்படியே வரிசையாக வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கி உட்பலகையைத் துளைத்தவர் உண்டு. திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பற்றரியின் இணைப்பைக் கழற்றுவதே. பிறகு மிருதுவான பிரஷினால் தகடுகளையும் விசிறியையும் துடைக்கலாம். உத்தரவாதக் காலம் முடியாத கருவியை மட்டும் நாமாகத் திறக்கலாகாது. விற்றவரிடமே கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் பூசப்பட்ட வெப்பப் பசை சில வருடங்களில் காய்ந்துவிடும். பழையதை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு, அரிசி மணியளவு புதுப்பசை இட்டால் போதும். அதிகம் இடுவது அதிக நன்மையன்று. பசைக்குப் பதிலாகப் பற்பசையைத் தடவுவதைச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சில நாளில் காய்ந்து முன்னிலும் மோசமாகும். இந்த ஐந்தாவது வேலையைப் பழகியவர் ஒருவர் பக்கத்திலிருந்து காட்டித் தராமல் செய்ய வேண்டாம்.

ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கருவியின் அடிப்பக்கமோ விசைப்பலகையோ வீங்கிப் புடைத்திருந்தால் அது பற்றரியின் வீக்கம். அதைக் குத்தவோ அமுக்கவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. அது தீப்பற்றும் தன்மையுடையது. இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2006 ஓகஸ்டில் டெல் கொம்பனி, சோனி தயாரித்த 41 இலட்சம் மடிக்கணினிப் பற்றரிகளை இத்தகைய ஆபத்தின் பொருட்டுத் திரும்பப் பெற முன்வந்தது. 2019 ஜூனில் அப்பிள் கொம்பனியும் தனது பதினைந்து அங்குல மெக்புக் புரோ வகையொன்றின் பற்றரிகளைத் திரும்பப் பெற்றது. பலகைத் தட்டும் விறகடுப்பும் உள்ள லயக் காம்பராவில் ஒரு தீப்பொறி ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வீங்கிய பற்றரியை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்கி, தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் அணைந்தால் கடைக்குப் போகத்தான் வேண்டும். போகுமுன் வேலைகளையெல்லாம் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். எப்போது அணைகிறது, எத்தனை நிமிடத்தில் அணைகிறது, விசிறி ஓடுகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தொகையைக் கேட்டறிந்தபின் வேலையை ஒப்படையுங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். நாணயமான பழுதுபார்ப்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார். வினவத் தெரிந்த வாடிக்கையாளரை அவர் மதிப்பார்.

நண்பர்களே, நம் பாட்டனார் காலத்திலிருந்து இம்மலைகளில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நின்று நாம் உழைத்தோம். அவற்றைத் திறந்து பார்க்கும் உரிமை வேறொருவருடையதாயிருந்தது. இன்று நம் வீட்டுக்குள் நமக்கே உரிய ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. அதையும் திறக்கப் பயந்து, யாரோ சொல்லும் தொகையைக் கடன்பட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமா?

ஆகையால் இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஸ்க்ரூ டிரைவர்ப் பெட்டி ஒன்று, நல்ல பிரஷ் இரண்டு, வெப்பப் பசை ஒரு குழாய் ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுச்சொத்தாக வாங்கி வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கணினி படித்த தம்பிமார் வந்து அமரட்டும். சுற்றுத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் தங்கள் கருவிகளைக் கொண்டு வரட்டும். அங்கே ஆண்பிள்ளைகள் திறந்து கொடுக்க, பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரைத் தங்கைமாரின் கையிலும் கொடுங்கள். கொழுந்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து எடுக்கும் விரல்களின் வழியில் வந்தவர்களுக்கு இந்தச் சிறு ஸ்க்ரூ ஒரு பொருட்டல்ல.

வீட்டிலிருக்கும் பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை படிக்கும் நேரத்தில் கணினிக்கு ஒரு பலகையும், குசினிப் புகை எட்டாத ஒரு மூலையும், சற்றே திறந்த ஒரு யன்னலும் கொடுங்கள். இரவில் பிள்ளைக்குக் குளிரும்; கம்பளியைப் பிள்ளைக்குப் போர்த்துங்கள், கணினிக்குப் போர்த்தாதீர்கள்.